கலப்பினப் பூனை வளரும் வீட்டில் நோயாளியைப் பேணுதல்



அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது, உப்பை எவ்வளவு குறைப்பது, மறுபடி எந்தக் கிழமை வருவது என்பவை அவை. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துள்ளது: “அப்பா நாளைக்கு வீட்டுக்கு வருகிறார். வீட்டில் பெங்கால் பூனை இருக்கிறது. அதை என்ன செய்வது?”

இக்கேள்வியைக் கேட்பவரின் முகத்தில் இரண்டு அச்சங்களை ஒருசேரக் காண்கிறோம். பூனையால் அப்பாவுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்பது ஒன்று. பூனையை எங்கேனும் விட்டுவிடச் சொல்லிவிடுவார்களோ என்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் மதிக்கிறோம். ஆகவே இவ்விதழின் பாடமாகக் கலப்பினப் பூனைகளை எடுத்துக்கொண்டோம். அவை எங்கிருந்து வந்தன, சாதாரண வீட்டுப் பூனையிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன, நோயாளி உள்ள வீட்டிலும் நெருக்கமான குடியிருப்பிலும் அவற்றோடு எப்படி வாழ்வது என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

கலப்பினப் பூனை என்பது யாது?

வீட்டுப் பூனையையும் காட்டில் வாழும் சிறு பூனை இனம் ஒன்றையும் இணைத்துப் பெறப்பட்ட வழித்தோன்றலே கலப்பினப் பூனை. இவற்றுள் மூன்று வகைகள் பெயர் பெற்றவை. ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனையின் வழிவந்தது பெங்கால். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழும், நீண்ட கால்களும் பெரிய காதுகளும் கொண்ட செர்வல் பூனையின் வழிவந்தது சவானா. நம் நாட்டுப் புதர்களிலும் வயல்வெளிகளிலும் காணப்படும் காட்டுப்பூனையின் வழிவந்தது சௌசி.

பெங்கால் பூனையின் வரலாற்றில் மருத்துவ ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் ஜீன் மில் என்னும் பெண்மணி 1963-ஆம் ஆண்டிலேயே சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் இணைத்துக் குட்டி பெற்றார். பின்னர் 1970-களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லார்ட் சென்டர்வால், பூனைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய் வைரசைச் சிறுத்தைப் பூனைகள் எதிர்த்து நிற்கின்றனவா என ஆராய்ந்தார். அதற்காகவே கலப்பினக் குட்டிகளை உருவாக்கினார். ஆய்வு முடிந்தபின் அக்குட்டிகள் சில ஜீன் மில்லிடம் வந்து சேர்ந்தன. தில்லி விலங்குக் காட்சிசாலையில் சுற்றித் திரிந்த புள்ளிகள் கொண்ட தெருப்பூனை ஒன்றையும் அவர் 1980-களில் தம் இனப்பெருக்கத்தில் சேர்த்தார். ஆக, இன்று உலகெங்கும் விலைபோகும் இந்தப் பூனையின் முன்னோர்களுள் நம் நாட்டுத் தெருப்பூனையும் ஒன்று.

சவானா வகையின் முதற்குட்டி 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தது. செர்வல் ஆணுக்கும் சயாமியப் பெண் பூனைக்கும் பிறந்தது அது.

தலைமுறை என்னும் கணக்கு

கலப்பினப் பூனையைப் பற்றி முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “இது எத்தனையாவது தலைமுறை?” என்பதே. காட்டு இனத்துக்கு நேரடியாகப் பிறந்த குட்டி முதல் தலைமுறை. அதன் உடலில் ஏறத்தாழப் பாதி காட்டு மரபு இருக்கும். அதனை மீண்டும் வீட்டுப் பூனையுடன் இணைத்தால் இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழக் கால் பங்கும், மூன்றாம் தலைமுறையில் எட்டில் ஒரு பங்கும், நான்காம் தலைமுறையில் பதினாறில் ஒரு பங்கும் எஞ்சும். முதற்சில தலைமுறைகளில் பிறக்கும் ஆண்கள் பெரும்பாலும் மலடாகவே இருக்கும். இதிலிருந்தே அவற்றின் மரபு வீட்டுப் பூனையின் மரபிலிருந்து எவ்வளவு விலகியது என்பது விளங்கும்.

நம் நகரங்களில் விற்கப்படும் பெங்கால் பூனைகள் பெரும்பாலும் பல தலைமுறை கடந்தவை. அவை உடலளவிலும் நோய்களிலும் வீட்டுப் பூனையை ஒத்தவையே. ஆயினும் விற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பெற்றோர் விவரமுள்ள பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, மருத்துவ ஆவணங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் ஒருநாள் எவ்வாறு பயன்படும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பல நாடுகளின் சட்டங்களும் இந்தத் தலைமுறைக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. பிரிட்டனில் முதல் தலைமுறைக் கலப்பினத்தை வளர்க்க, ஆபத்தான காட்டு விலங்குகளுக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் ஐந்தாம் தலைமுறைக்குப் பிந்தியவற்றையே வீட்டு விலங்காக ஏற்கிறது. நியூயார்க் நகரிலோ அதற்கும் இடமில்லை. ஆஸ்திரேலியா, தன் சிறு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் கேடு விளையும் என்று கருதி, 2008-ஆம் ஆண்டு சவானா பூனை நாட்டுக்குள் வருவதைத் தடை செய்தது.

இந்தியாவிலும் இதனைக் கருத வேண்டியுள்ளது. சிறுத்தைப் பூனை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. காட்டுயிர் வணிகத்தை முறைப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸ், முந்தைய நான்கு தலைமுறைக்குள் காட்டு முன்னோர் கொண்ட கலப்பினத்தையும் காட்டு இனமாகவே நடத்துகிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுடன்படிக்கையை நம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அட்டவணையில் கண்ட உயிருள்ள அயல்விலங்குகளை வைத்திருப்போர் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவேண்டும் என 2024-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தொடக்கத் தலைமுறைப் பூனை உங்களிடம் இருந்தால், மாவட்ட வன அலுவலகத்தில் விவரம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

இயல்பை அறிதல்

கலப்பினப் பூனை தீயதன்று. அது ஓய்வறியாதது. உயரமான இடத்தைத் தேடும். அலமாரி உச்சியிலிருந்து கட்டிலின்மேல் குதிக்கும். தண்ணீரைக் கண்டு ஒதுங்காமல் அதில் கையை விட்டு விளையாடும். தாழ்ப்பாளையும் இழுப்பறையையும் திறக்கக் கற்றுக்கொள்ளும். உரக்கக் குரலெழுப்பும். அந்தியிலும் விடியலிலும் அதன் ஓட்டம் மிகும். விளையாட வழியின்றி அடைத்து வைத்தால் கடித்தல், பிறாண்டுதல், மூலைகளில் சிறுநீர் பீய்ச்சுதல் போன்ற பழக்கங்கள் தோன்றும். சவானாவின் முதல் தலைமுறைப் பூனைகள் பத்து கிலோவை எட்டக்கூடியவை. நம் வீட்டுப் பூனைகளோ பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோதான்.

நலமாக உள்ளவருக்கு இவையெல்லாம் வேடிக்கை. வயிற்றில் புதுத் தையலோடு படுத்திருப்பவர்மேல் நடுநிசியில் பூனை குதித்தால் அது வேடிக்கையன்று. தடியூன்றி நடக்கும் முதியவரின் காலுக்கிடையில் பூனை ஓடினால், ஒரு கணத்தில் இடுப்பெலும்பு முறியலாம். ஆகவே நோய்க்கிருமிகளைப் பற்றி எண்ணுமுன் இந்த எளிய விபத்துகளையே முதலில் எண்ண வேண்டும்.

யார் மிகுந்த கவனம் கொள்ளவேண்டும்?

எல்லா நோயாளிகளுக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. கீழ்க்கண்டோர் மட்டும் தம் மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைத் தவறாமல் சொல்லவேண்டும்.

• உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், கீமோதெரபி பெறுவோர், நெடுநாள் ஸ்டீராய்டு அல்லது நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் பிற மருந்துகளை உண்போர், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர்.

• கர்ப்பிணிகள்.

• மண்ணீரல் அகற்றப்பட்டோர். கல்லீரல் சுருக்க நோய் உள்ளோர். சர்க்கரை கட்டுக்குள் வராதோர். பூனை, நாய் ஆகியவற்றின் வாயில் இயல்பாக வாழும் சில கிருமிகள் இவர்களின் இரத்தத்தில் விரைந்து பரவக்கூடும்.

• இதய வால்வில் குறை உள்ளோரும் செயற்கை வால்வு பொருத்தப்பட்டோரும்.

• மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப்பின் கையில் நிணநீர் வீக்கம் உள்ளோர். அந்தக் கையில் விழும் சிறு பிறாண்டலும் தோல் முழுவதும் பரவும் தொற்றாக மாறக்கூடும்.

• வீட்டிலேயே வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்வோர். குழாயைப் பூனை கடித்துத் துளையிட்டதால் வயிற்றறையில் தொற்று உண்டான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. ஆடும் குழாய் விளையாட்டுப் பூனைக்குக் கயிறாகவே தெரியும். திரவம் மாற்றும் நேரத்திலும், இரவில் இயந்திரம் ஓடும் நேரத்திலும் அறைக் கதவு மூடியிருக்க வேண்டும். பூனை அந்த அறையில் உறங்கவே கூடாது.

• இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர். இவர்களுக்குப் பிறாண்டல் காயத்தில் குருதி நிற்க நேரமாகும். தூய துணியால் அழுத்திப் பிடிக்கவேண்டும்.

பூனையிடமிருந்து வரக்கூடிய நோய்கள்

கடித்த காயம்: பூனையின் பல் ஊசிபோல் மெல்லியது. வெளியே சிறு புள்ளியாகத் தோன்றினும் உள்ளே தசைநாரையும் மூட்டையும் எட்டியிருக்கும். பெரும்பாலான பூனைகளின் வாயில் பாஸ்டூரெல்லா என்னும் கிருமி உண்டு. கடிபட்ட சில மணி நேரத்திலேயே, பெரும்பாலும் ஒரு நாளுக்குள், இடம் சிவந்து வீங்கி வலிக்கத் தொடங்கும். நாய்க்கடியைவிடப் பூனைக்கடி சீழ்பிடிப்பது மிகுதி. கையிலோ மூட்டருகிலோ கடிபட்டால், “சின்னக் காயம்தானே” என்றிராமல் அன்றே மருத்துவரைக் காணவேண்டும். வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தாமாக விழுங்குதல் தகாது.

பூனைப் பிறாண்டல் நோய்: பார்டோனெல்லா என்னும் கிருமி தெள்ளுப்பூச்சியின் கழிவு வழியே பூனையின் நகத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளிடம் இது மிகுதி. பிறாண்டிய ஒன்று முதல் மூன்று வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். நலமுள்ளோருக்குப் பெரும்பாலும் தானே தணியும். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்குத் தோலிலும் கல்லீரலிலும் இரத்தக்குழாய்க் கட்டிகளையும், வால்வுக் குறை உள்ளோருக்கு இதய உட்சவ்வு அழற்சியையும் உண்டாக்கக்கூடும். பூனையைத் தெள்ளுப்பூச்சியிலிருந்து காப்பதே இதற்கான முதன்மைத் தடுப்பு.

டாக்ஸோபிளாஸ்மா: கர்ப்பிணிகளிடம் உறவினர் மிகுதியாகச் சொல்லி அச்சுறுத்தும் நோய் இது. உண்மையை அறிந்தால் அச்சம் அளவோடு நிற்கும். இக்கிருமியைப் பூனை வாழ்நாள் முழுவதும் வெளியேற்றுவதில்லை. பச்சை இறைச்சி, எலி, பறவை ஆகியவற்றைத் தின்று முதன்முறை தொற்றியபின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் மட்டுமே மலத்தில் வெளியேற்றும். அம்மலமும் ஒரு நாள் முதல் ஐந்து நாள் கழிந்த பின்னரே தொற்றும் தன்மை பெறும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்தால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். அந்த வேலையைக் கர்ப்பிணியும் எதிர்ப்பாற்றல் குறைந்தவரும் செய்யாதிருப்பது நலம். வேறு ஆளில்லையெனில் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பின்னர்ச் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். பலருக்கு இந்நோய் பூனையைத் தொடுவதால் வருவதில்லை. வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண் ஆகியவற்றின் வழியே வருகிறது என்பதையும் மறக்கலாகாது.

படர்தாமரை: பூனையின் முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நோயாளி அதனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வாமையும் ஆஸ்துமாவும்: பெங்கால் பூனை ஒவ்வாமை தராது என்று விற்பனையாளர் சிலர் கூறுவர். அதனை நம்பி ஆஸ்துமா உள்ள வீட்டுக்குப் பூனை வாங்காதீர்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் சுரக்கிறது. முடி குறைவாக உதிரும் பூனையிடமும் அது உண்டு. பூனை வீட்டைவிட்டுப் போன பின்னும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் பல மாதங்கள் தங்கியிருக்கும்.

பச்சை இறைச்சி வேண்டாம்

கலப்பினப் பூனைக்குக் காட்டு வழக்கப்படி பச்சை இறைச்சியே ஏற்றது என்ற கருத்து வளர்ப்போரிடையே பரவியுள்ளது. நோயாளி உள்ள வீட்டில் இதனை நாங்கள் உறுதியாக மறுக்கிறோம். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கும். பூனை நலமாகத் தோன்றினும் அதன் கிண்ணம், மலம், நக்கிய கை ஆகியவற்றின் வழியே அவை நோயாளியை அடையும். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பச்சை இறைச்சியாலான பூனை உணவை உண்ட வீட்டுப் பூனை ஒன்று எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. நன்கு வேகவைத்த இறைச்சியோ, கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் ஆயத்த உணவோ போதும்.

ரேபிஸ்: இங்கு மட்டும் காத்திருத்தல் கூடாது

மேற்கூறிய நோய்கள் பலவற்றுக்கு மருந்துண்டு. ரேபிஸ் நோய்க்குறி தோன்றிய பின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. தோன்றாமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. இந்த ஒரு வேறுபாட்டை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்த வேண்டும்.

கலப்பினப் பூனையிடம் இங்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பூனைகளுக்கான ரேபிஸ் தடுப்பூசி வீட்டுப் பூனையில் சோதித்துப் பார்த்து உரிமம் பெற்றது. காட்டு விலங்குக்கும் அதன் கலப்பினத்துக்கும் உரிமம் பெற்ற ரேபிஸ் தடுப்பூசி எதுவும் இல்லை என அமெரிக்கப் பொதுநலக் கால்நடை மருத்துவர்களின் வழிகாட்டி கூறுகிறது. கால்நடை மருத்துவர்கள் செயலிழந்த வைரசாலான தடுப்பூசியைப் போடுகின்றனர், போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் “தடுப்பூசி போட்ட பூனைதான்” என்ற ஒரே காரணத்தால் கடிபட்டவர் சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. கடித்த பூனையைப் பத்து நாள் கண்காணித்து முடிவு செய்யும் முறையும் வீட்டு நாய்க்கும் வீட்டுப் பூனைக்கும் உரியது. தொடக்கத் தலைமுறைக் கலப்பினத்துக்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. நம் நாட்டு வழிகாட்டுதல், காட்டு விலங்குக் கடி எதுவாயினும் அதனை மிகக் கடுமையான மூன்றாம் வகையாகக் கருதச் சொல்கிறது. இங்குதான் முன்னே சொன்ன பதிவுச் சான்றிதழ் பயன்படும். பூனை எத்தனையாவது தலைமுறை என்பதை மருத்துவர் அறிந்தால் தெளிவான முடிவெடுப்பார்.

கடிபட்டாலோ பிறாண்டப்பட்டாலோ செய்யவேண்டியவை:

1. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது.

2. பின்னர்க் கிருமிநாசினி இடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதனையும் வைக்காதீர்கள். காயத்தை இறுகக் கட்டாதீர்கள்.

3. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தசையில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும், தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போடப்படும். முதல் ஊசி போடும் நாளே 0 நாள்.

4. தோல் கிழிந்து குருதி வந்த காயத்துக்கு, காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் செலுத்தவேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு, குருதி வராத சிறு பிறாண்டலாயினும் அது தேவை. ஆகவே நீங்கள் உண்ணும் மருந்துகளின் பட்டியலை முதலிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. வலி தீர்ந்தது என்று இடையில் நிறுத்தாதீர்கள். முன்பே முழுத் தடுப்பூசி பெற்றவராயின் அந்தச் சீட்டை எடுத்து வாருங்கள். ஊசிகளின் எண்ணிக்கை குறையும்.

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம்

அறுபது வயதுத் தந்தை சிறுநீரக மாற்று அறுவைக்குப்பின் வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. மகள் வளர்க்கும் மூன்று வயதுப் பெங்கால் பூனை உண்டு. தந்தைக்கும் அதன்மேல் பாசமே. மருத்துவமனையில் இருந்த நாளெல்லாம் கைபேசியில் அதன் படத்தைப் பார்த்து மகிழ்ந்தவர் அவர்.

அக்குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது இதுவே. பூனையை விரட்ட வேண்டியதில்லை. வீட்டை இரண்டாகப் பகுத்துக்கொள்ளுங்கள். தந்தையின் படுக்கையறையும் குளியலறையும் பூனை நுழையா இடமாகட்டும். வேளை பார்த்து மருந்து கொடுக்கும் மேசையும் அங்கேயே இருக்கட்டும். மணல் தட்டு சமையலறைக்கும் உணவு மேசைக்கும் எட்டத்தில் இருக்கட்டும். அதை நாள்தோறும் மகள் தூய்மை செய்யட்டும். தந்தை வருமுன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழுநீக்கம், தெள்ளுப்பூச்சித் தடுப்பு, தடுப்பூசி, நகம் வெட்டுதல் அனைத்தையும் முடித்துவிடுங்கள். மாலையில் தந்தை உறங்கப் போகுமுன் அரைமணி நேரம் பூனையோடு ஓடியாடி விளையாடுங்கள். இரவில் அதன் ஆட்டம் குறையும். கையால் விளையாட்டுக் காட்டாமல், நீண்ட கோலில் கட்டிய இறகால் விளையாடுங்கள். கைதான் விளையாட்டுப் பொருள் என்று கற்ற பூனை பின்னர்க் கையையே கடிக்கும்.

மருத்துவர் இசைவு தரும்வரை தந்தை பூனையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். முகத்தை நக்க விடவும் வேண்டாம். இசைவு கிடைத்தபின் தடவிக் கொடுக்கலாம்; உடனே கை கழுவ வேண்டும். இக்காலத்தில் புதிய பூனையையோ குட்டியையோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நெடுநோயில் வாடுவோருக்கு ஓர் உயிரின் உடனிருப்பு தரும் ஆறுதலை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அதனைப் பறிப்பது எங்கள் நோக்கமன்று.

அண்டை வீட்டாரும் நாமும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் நம் பூனை நம் வீட்டோடு நிற்பதில்லை. சன்னல் வழியே அடுத்த வீட்டு வெயில்மறைப்பில் இறங்கும், தெருப்பூனையோடு சண்டையிடும், அணிலையும் மைனாவையும் பிடிக்கும். சண்டையில் பெற்ற கடிக்காயம் ரேபிஸ் வைரசையும் வீட்டுக்குள் கொண்டுவரலாம். எனவே கலப்பினப் பூனை முற்றிலும் வீட்டுக்குள் வளர்வதே முறை. பால்கனிக்கும் சன்னலுக்கும் உறுதியான வலை அடியுங்கள். வெளியே கொண்டுசெல்வதாயின் கூண்டுப் பெட்டியிலோ, மார்புப் பட்டையிட்ட கயிற்றிலோ கொண்டுசெல்லுங்கள். கருத்தடை செய்துவிடுங்கள், சிறுநீர் பீய்ச்சும் பழக்கமும் இரவுக் கூச்சலும் பெரிதும் குறையும். தெருப்பூனைகளோடும் காட்டுப்பூனைகளோடும் இணைந்து மேலும் கலப்பு உண்டாவதும் நிற்கும். ஸ்காட்லாந்தில் காட்டுப்பூனை இனம் அழிவின் விளிம்புக்கு வந்ததற்கு வீட்டுப் பூனையோடு நேர்ந்த கலப்பும் ஒரு முக்கியக் காரணம்.

அண்டை வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, கீமோதெரபி பெறுபவரோ இருக்கலாம். முதல் நாளே சென்று, “எங்கள் வீட்டில் இப்படியொரு பூனை இருக்கிறது; உங்கள் பக்கம் வந்தால் தொடாமல் எங்களை அழையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பூனையின் தடுப்பூசிச் சீட்டைக் காட்டுங்கள். ஒளித்து வளர்ப்பதைவிடச் சொல்லி வளர்ப்பது இருவருக்கும் நிம்மதி. நீங்களே அந்த அண்டை வீட்டாராயின், சினந்து கல்லெறியாதீர்கள். துன்புற்ற விலங்கு கடிக்கும். உரியவரிடம் நேரில் பேசுங்கள்.

இனி வளர்க்க இயலாது என்ற நிலை வந்தாலும் தெருவில் விட்டுவிடலாகாது. பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி விலங்கைக் கைவிடுதல், விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்கீழ்க் குற்றமாகும். வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. நோயாளி வீடு திரும்பும் நெருக்கடியில் முடிவெடுக்காமல், அறுவைக்கு நாள் குறித்த உடனே உறவினரிடமோ, அறிந்த வளர்ப்பாளரிடமோ, விலங்குக் காப்பகத்திலோ பேசி இடம் பார்த்து வையுங்கள். சில மாதங்களுக்கு மட்டும் ஒப்படைத்துப் பின் அழைத்துக்கொள்வதும் ஒரு வழியே.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

பாடத்தை முடிக்குமுன் ஐந்து கேள்விகள். குடும்பத்தினர் கூடியமர்ந்து விடை எழுதி, அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள்.

நம் பூனை எத்தனையாவது தலைமுறை? அதற்கான தாள் எங்கே உள்ளது?

கடைசியாகத் தடுப்பூசியும் புழுநீக்க மருந்தும் எந்த நாளில் கொடுத்தோம்?

நோயாளியின் அறைக்குள் பூனை நுழையக்கூடிய வழிகள் எவை? அவற்றை மூடிவிட்டோமா?

மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்பவர் யார்? அவர் ஊரில் இல்லாத நாளில் யார் செய்வார்?

இரவு பத்து மணிக்குக் கடிபட்டால் எந்த மருத்துவமனைக்குப் போவோம்? அங்கு இம்யூனோகுளோபுலின் கிடைக்குமா?

இவ்வைந்துக்கும் விடை இருக்குமாயின், அப்பாவும் பூனையும் ஒரே கூரையின்கீழ் வாழ வழியுண்டு. விடை தெரியாத கேள்வி இருந்தால் அதனையே எங்களிடம் முதலில் கேளுங்கள். “பூனை வளர்க்கிறோம்” என்று சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என எண்ணி மறைத்துவிட வேண்டாம். வீட்டில் உள்ள உயிர்கள் அனைத்தையும் அறிந்தால்தான் உங்களுக்கு ஏற்ற அறிவுரையை எங்களால் தரமுடியும்.

நலமுடன் வீடு திரும்புங்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் அனைவரும் நலமாக இருக்கட்டும்.